கிண்ணத்துக்கு என்ன சாதி?

கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் பஸ்ஸில் என்றைக்காவது போயிருப்பீர்கள். நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை வரும். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மேல்பட்டாம்பாக்கம். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள்கூட நிமிர்ந்து பார்க்காத ஊர்.

1861இல் இந்த ஊருக்கு ஒரு ஜெர்மன்காரர் வந்து சேர்ந்தார். பெயர் கார்ல் ஓக்ஸ். லுத்தரன் பாதிரியார். தமிழ்நாட்டில் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்த லைப்சிக் மிஷனோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தவர். என்ன சண்டை? சர்ச்சுக்குள் சாதிக்கு இடம் உண்டா, இல்லையா என்ற சண்டை. இல்லவே இல்லை என்றார் ஓக்ஸ். இப்போதைக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்றது மிஷன். மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சில வருஷங்களில் டென்மார்க்கின் மிஷன் சங்கம் அவரோடு கைகோத்தது. அந்த விதையிலிருந்து வளர்ந்ததுதான், இன்றைக்குக் கடலூரைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கும் ஆற்காடு லுத்தரன் திருச்சபை. சுருக்கமாக ஏ.எல்.சி. பெயரில் இருப்பது பிரியாணிக்குப் பேர்போன ஆற்காடு இல்லை, பழைய தென்னார்க்காடு மாவட்டம். அந்த மாவட்டமே 1993இல் இரண்டாகி, 2019இல் கள்ளக்குறிச்சியும் தனியாகப் போய், மூன்று துண்டாகிவிட்டது. சபை மட்டும் பழைய பெயரை விடாமல் வைத்திருக்கிறது.

சில பத்தாயிரம் பேர் கொண்ட சின்ன சபை. கத்தோலிக்கர்களோடும் சி.எஸ்.ஐ.யோடும் ஒப்பிட்டால் கண்ணுக்கே தெரியாது. இதைப் பற்றி ஒரு வாரப் பக்கத்தை ஏன் வீணடிக்கிறாய் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். இந்தச் சபை பிறந்ததே சாதிக்கு எதிரான ஒரு சண்டையில். அந்தச் சண்டையில் கேட்கப்பட்ட கேள்விக்கு இந்தச் சபையும் பதில் சொல்லி முடிக்கவில்லை, மற்ற சபைகளும் சொல்லவில்லை, டெல்லியில் இருக்கிற அரசும் சொல்லவில்லை. நீங்களும் நானும் சொல்லவில்லை.

கேள்வி ரொம்ப எளிமையானது. ஒரே கிண்ணத்தில் குடிப்பாயா?

*

தேவாலயத்தில் திருவிருந்து என்று ஒன்று உண்டு. அப்பமும் திராட்சை ரசமும் கொடுப்பார்கள். எல்லாரும் ஒரே குடும்பம் என்பதற்கு அடையாளம். நம் ஊருக்கு இந்த அடையாளம் வந்த உடனேயே சிக்கலும் வந்துவிட்டது. யார் முதலில் போய் வாங்குவது, யார் பின்னால் போவது? யார் எந்தப் பக்கம் உட்காருவது? யார் கையால் வாங்குவது?

சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கியது 1706இல். அதற்கு 27 வருஷம் கழித்து, 1733இல், முதல் தமிழ்ப் புராட்டஸ்டண்டு போதகராக ஆரோன் என்பவர் அபிஷேகம் செய்யப்பட்டார். கடலூர்க்காரர். வேளாளக் குடும்பத்தில் ஆறுமுகமாகப் பிறந்தவர். நல்ல மனிதர், உழைப்பாளி, சந்தேகமில்லை. ஆனால் அப்போது அடிபட்ட பெயர்களில் ராஜநாயக்கன் என்ற பெயரும் உண்டு. தஞ்சாவூர் ராஜாவின் படையில் வேலை பார்த்தவர். ஊர் ஊராகப் போய் சபைகளை உண்டாக்கியவர். தகுதியில் யாருக்கும் குறைந்தவர் இல்லை. ஆனால் பறையர். அவர் கையால் வேளாளக் கிறிஸ்தவர்கள் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் கணக்குப் போட்டார்கள். ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்து செத்துப்போனார்.

கவனியுங்கள். கடலூர்க்காரர் ஒருவருக்குக் கிடைத்த முதல் பெருமைக்குப் பக்கத்திலேயே அந்த முதல் அநியாயமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2006இல் தரங்கம்பாடியின் 300ஆம் ஆண்டை விழாவாகக் கொண்டாடினோம். ஆரோன் பெயர் தெரிந்தவர்கள் நிறைய. ராஜநாயக்கன் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

நூறு வருஷம் கழித்தும் தகராறு தீரவில்லை. 1833இல் ஆங்கிலிகன் பிஷப் வில்சன், சர்ச்சுக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூரிலும் சென்னையிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் கொதித்துப் போனார்கள். பலர் லைப்சிக் லுத்தரன்களிடம் போய்ச் சேர்ந்தார்கள், அங்கே இந்தக் கெடுபிடி இல்லை என்பதால். 1850இல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடு, சாதியை விட்டதற்கு அத்தாட்சியாக மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தது. லைப்சிக் மிஷன் மட்டும் அதில் சேரவில்லை.

லைப்சிக் மிஷனின் தலைவர் கார்ல் கிரால். அவரைச் சும்மா வில்லனாக்கிவிட முடியாது. தமிழ் படித்த அறிஞர். திருக்குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்தவர். வெளிநாட்டுக்காரன் வந்து அடுத்தவன் சமூக வழக்கத்தைச் சட்டம் போட்டு உடைக்கக் கூடாது, நற்செய்தி மெதுவாக மனதை மாற்றும் என்பது அவர் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இந்த ‘மெதுவாக’ என்ற வார்த்தையைக் கொஞ்சம் உரசிப் பாருங்கள். யாருக்கு மெதுவாக? முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கு ‘மெதுவாக’ என்பது சௌகரியம். பின்னால் நிற்பவனுக்கு அது ஆயுள் தண்டனை. பிறப்பில் எல்லா உயிரும் ஒன்று என்று வள்ளுவர் எழுதியதை மொழிபெயர்த்த கைதான், சர்ச்சில் பாய் தனித்தனியாக விரிப்பதற்கும் அனுமதி கொடுத்தது.

ஓக்ஸால் இதைப் பொறுக்க முடியவில்லை. அவர் ஒன்றும் பெரிய புரட்சிக்காரர் இல்லை. சாதியை வைத்துக்கொண்டே கிறிஸ்தவனாக இருப்பது பொய் என்று மட்டும் சொன்னார்.

*

இனி இன்றைக்கு வருவோம்.

இந்தச் சபையின் ஞாயிற்றுக்கிழமை காலை, வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அழகாகத்தான் இருக்கும். மணி அடிக்கும். வெள்ளைச் சட்டையும் பட்டுப் புடவையுமாக வருவார்கள். பாவ அறிக்கை, ஞானப்பாட்டு, விசுவாசப் பிரமாணம், பிரசங்கம், காணிக்கை என்று லூத்தர் காட்டிய வழியில் ஒழுங்காகப் போகும். அறுப்பின் பண்டிகைக்குப் பூசணிக்காயும் நாட்டுக்கோழியும் வந்து சேரும். ஏலத்தில் ஒரு முருங்கைக்காய்க் கட்டு மார்க்கெட் விலையைவிடப் பல மடங்குக்குப் போகும். எடுத்தவர் முகத்தில் பெருமை வழியும். பெரிய பெந்தெகொஸ்தே கூடாரங்களின் மைக் சத்தத்துக்கு நடுவில் இந்தச் சின்ன சபைகள் தங்கள் பழைய மெட்டுகளை விடாமல் பாடிக்கொண்டிருப்பதில் ஒரு கம்பீரம் இருக்கிறது. கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே சொல்கிறேன்.

இங்கே யாரையாவது சாதி பற்றிக் கேட்டுப் பாருங்கள். “எங்களுக்குள்ள அதெல்லாம் கிடையாதுங்க” என்று பட்டென்று பதில் வரும். பொய் என்று சொல்ல மாட்டேன். இந்தச் சபையில் பெரும்பாலோர் தலித் மக்கள். கிராமத்தில் சர்ச் இருப்பதும் பெரும்பாலும் காலனியில்தான். ஒரே கிண்ணத்தில் குடிப்பதில் அங்கே என்ன தடை இருக்க முடியும்?

ஆனால் அது ஓக்ஸ் ஜெயித்ததற்கு அத்தாட்சி ஆகுமா? சாதி ஒழிந்ததால் கிண்ணம் பொதுவாகவில்லை. ஊர்த் தெருக்காரர்கள் வராததால் பொதுவாகிவிட்டது. பரீட்சைக்கே போகாதவன் ஃபெயிலாகவில்லை என்று சொல்லிக்கொள்கிற மாதிரிதான் இது.

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் பேலன்ஸ் ஷீட் போட்டுப் பார்க்கிற வியாதி உண்டு. இந்தச் சபையின் சொத்துப் பக்கம் பளிச்சென்று இருக்கும். திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பள்ளிக்கூடம். திருக்கோவிலூரில் டேனிஷ் மிஷன் ஆஸ்பத்திரி. தென்னார்க்காட்டில் எழுத்து வாசனையே மறுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு சிலேட்டு கொடுத்து உட்கார வைத்த எத்தனையோ ஓட்டுக் கட்டடங்கள். இதையெல்லாம் அரிசிக்கும் பால்பவுடருக்கும் மதம் மாறிய கதை என்று ஒரே வரியில் தள்ளுகிறவர்களுக்கு ஒரே கேள்வி. அந்த அரிசியை நீங்கள் ஏன் சாமி கொடுக்கவில்லை? அந்தப் பள்ளிக்கூடத்தை நீங்கள் ஏன் கட்டவில்லை?

பேலன்ஸ் ஷீட்டுக்குப் பொறுப்புப் பக்கமும் உண்டு. வாங்கிய கடன், கொடுத்த வாக்கு எல்லாம் அந்தப் பக்கம்தான் வரும். ஓக்ஸ் கொடுத்த வாக்கும் அங்கேதான் நிற்கிறது. அதை எந்தக் கணக்கிலும் தள்ளுபடி செய்ய முடியாது.

அந்த வாக்கைச் சோதித்துப் பார்க்க சில இடங்கள் உண்டு. ஒன்று, கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் மணமகள் தேவை விளம்பரத்தைப் பாருங்கள். கிறிஸ்தவ நாடார், கிறிஸ்தவ வன்னியர், கிறிஸ்தவ வேளாளர், ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் என்று கட்டம் கட்டி வரும். ‘ஆவிக்குரிய குடும்பம்’ என்ற வார்த்தையும் அதே நாலு வரிக்குள் இருக்கும். சபைப் பெயர் மாறும், சாதிப் பெயர் மாறாது.

இரண்டு, தேர்தல். தமிழ்நாட்டின் எந்தப் புராட்டஸ்டண்டு சபையை எடுத்தாலும், தேர்தல் வந்துவிட்டால் போஸ்டர், கூட்டணி, வழக்கு என்று ஒரு சட்டமன்றத் தொகுதிக்குரிய எல்லாமும் வந்துவிடுகிறது. 2024இல் தென்னிந்தியத் திருச்சபையின் தேர்தலை நடத்த ஓய்வுபெற்ற நீதிபதிகள் இரண்டு பேரை சென்னை உயர் நீதிமன்றம் நியமித்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அது வேறு சபைதான், ஆனால் நோய் வேறு இல்லை. எந்த ஊர், எந்தப் பிரிவு, எந்தக் குடும்பம் என்று ஓட்டை எண்ணுகிற சபையில், கிண்ணம் எத்தனை பொதுவாக இருந்து என்ன?

மூன்று, மிஷன் காம்பவுண்ட். மூன்று தலைமுறையாகப் படித்து, மிஷன் வேலை பார்த்து, டவுனில் வீடு கட்டிய குடும்பங்கள் ஒரு பக்கம். இன்னும் கரும்புத் தோட்டத்தில் கூலிக்குப் போகிற கிராமத்துச் சபைக்காரர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேரும் ஒரே சாதியாக இருக்கலாம். கமிட்டியில் நாற்காலி யாருக்கு, துண்டை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பது யார்? ராஜநாயக்கன்கள் இன்னமும் உபதேசியார்களாகவே இருக்கிறார்களா? ஒவ்வொரு சபையும் தன் பதிவேட்டைத் திறந்து பார்த்துச் சொல்லட்டும்.

*

சபையை மட்டும் திட்டிவிட்டுப் போவது நேர்மையில்லை. அரசாங்கம் ஆடுகிற ஆட்டம் இதைவிட மோசம்.

1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த ஜனாதிபதி உத்தரவின்படி இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி. 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1990இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவத்துக்கும் இஸ்லாமுக்கும் போன தலித்துகள் மட்டும் இன்றுவரை வெளியே. மதத்தையும் இந்தத் தகுதியையும் பிரித்துவிடுங்கள் என்று ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் 2007இல் சொன்னது. அறிக்கை தூங்குகிறது. 2022இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு கமிஷன். அதற்கும் கால நீட்டிப்பு மேல் நீட்டிப்பு. தமிழ்நாடு சட்டமன்றம் 2023இல் தீர்மானம் போட்டு அனுப்பியது. டெல்லியில் பைல்கள் நிறைய.

இதன் விளைவு என்ன தெரியுமா? கடலூர் மாவட்டத்தில் ஒரு காலனிப் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். தேநீர்க் கடைக்காரருக்கு அவன் சாதி தெரியும். ஊர்த் தெருக்காரருக்குத் தெரியும். அவனை அடிக்கிறவனுக்கும் தெரியும். தாலுகா ஆபீசுக்கு மட்டும் தெரியாது. ஞானஸ்நானம் வாங்கியவன் என்று ஒப்புக்கொண்டால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. தனித்தொகுதியில் நிற்க முடியாது. அதனால் சர்ட்டிபிகேட்டில் ஒரு பெயர், சபைப் பதிவேட்டில் ஒரு பெயர். வீட்டில் சாமுவேல், பள்ளிக்கூடத்தில் செந்தில். பிரார்த்தனையைக்கூடத் திருட்டுத்தனமாகச் செய்ய வைத்திருக்கிறோம்.

இந்த இரட்டைப் பெயர் வாழ்க்கைக்குச் சட்டம் என்ன பெயர் வைத்தது தெரியுமா? பக்கத்துப் புதுச்சேரியில் ஒரு பெண், கிளார்க் வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். ஞானஸ்நானம் வாங்கி, சர்ச்சுக்குப் போகிறவர் இந்து என்று உரிமை கோர முடியாது, இது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் எழுத்துப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் மோசடியை ஆரம்பித்தது யார்? மதம் மாறினால் சாதி மறைந்துவிடும் என்று 1950இல் சட்டத்தில் எழுதி வைத்தவர்களா, அதை நம்பாமல் பிழைக்க வழி தேடிய அந்தப் பெண்ணா?

இந்த இடத்தில்தான் சபைகளின் இரட்டை நாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 10 அன்று கறுப்புக் கொடி பிடித்து, “கிறிஸ்தவத்துக்குள்ளும் சாதிக் கொடுமை இருக்கிறது, எங்கள் தலித் மக்களைப் பட்டியலில் சேர்” என்று மனு கொடுக்கிறார்கள். மறுநாள் ஞாயிறாக இருந்தால், பிரசங்க பீடத்தில் ஏறி “கிறிஸ்துவுக்குள் சாதி இல்லை” என்கிறார்கள். இதில் எது உண்மை? ‘இல்லை’ என்ற பிரசங்கத்தை எடுத்துத்தான் அரசாங்கம் அந்த மனுவை மடக்குகிறது. உன் மதத்திலேயே சாதி இல்லை என்கிறாய், அப்புறம் எதற்குச் சலுகை என்று கேட்கிறது. ‘சாதி இருக்கவே கூடாது’ என்பது விசுவாசம். ‘சாதி இல்லை’ என்பது புளுகு. இரண்டுக்கும் உள்ள தூரத்தை ஒளிக்காமல் சொல்கிற தைரியம் வேண்டும்.

அந்தத் தைரியத்துக்கு ஆற்காடு லுத்தரன் சபையைவிடத் தகுதியான சபை எது? அதன் பிறப்புச் சான்றிதழிலேயே எழுதியிருக்கிறதே, சர்ச்சுக்குள் சாதி இருந்தது, அதனால்தான் பிறந்தேன் என்று! எந்தக் கமிஷன் முன்னாலும் நீட்டக்கூடிய ஆவணம் அது. கையில் வைத்துக்கொண்டு ஏன் பீரோவில் பூட்ட வேண்டும்?

*

இதுவரை படித்துவிட்டு, “பார்த்தீங்களா, அவங்க மதத்திலும் இதே கதைதான்” என்று சிரித்துக்கொள்கிற இந்து நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கடலூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் சிதம்பரம். நந்தனார் நெருப்பில் குளித்துத்தான் நடராஜரைப் பார்க்க முடிந்தது என்று பக்தியோடு கதை சொல்லும் ஊர். அதே ஊரில் 1916இல் சுவாமி சகஜானந்தா நந்தனார் பெயரில் பள்ளிக்கூடம் ஆரம்பிக்க வேண்டியிருந்தது, தலித் பிள்ளைகள் படிப்பதற்காக. 2022இல் கனகசபை மேல் ஏறி நின்று கும்பிடுவதற்கு அரசாணை போட வேண்டியிருந்தது. ஆகையால் சிரிப்பை அடக்கிக்கொள்ளலாம்.

கத்தோலிக்க நண்பர்களும் ஒதுங்கிக்கொள்ள வேண்டாம். உளுந்தூர்பேட்டை பக்கம் எறையூரில் 2008 மார்ச்சில், தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதில் மூண்ட மோதல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து, இரண்டு உயிர் போனது.

இந்த மண்ணில் மனசாட்சிக்காக நிறுவனத்தை உதறியவர்களுக்கும் பஞ்சமில்லை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் பரங்கிப்பேட்டை. டேனிஷ் மிஷன் வேலைக்காக 1909இல் இந்தியா வந்த அன்னே மேரி பீட்டர்சன் காந்தியைச் சந்தித்து, அவர் பக்கம் சாய்ந்தார். பிரிட்டிஷ் அரசுக்குப் பிடிக்கவில்லை, மிஷன் மேலிடத்துக்கும் பிடிக்கவில்லை. மிஷனை விட்டு விலகினார். பரங்கிப்பேட்டையில் பெண் குழந்தைகளுக்காக சேவா மந்திர் தொடங்கினார். 1921இல் அடிக்கல் நாட்டியவர் காந்தி. 1951இல் சாகும்வரை அந்த அம்மாள் அங்கேயேதான் இருந்தார். ஓக்ஸும் சரி, பீட்டர்சனும் சரி, ‘மெதுவாக’ என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டுச் சும்மா உட்காரவில்லை.

சபைப் பெரியவர்களிடம் கேட்க எனக்கு உரிமை உண்டோ இல்லையோ, கேட்கிறேன். திடப்படுத்தலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு லூத்தரின் ஞானோபதேசத்தோடு ஓக்ஸ் எதற்காகச் சண்டை போட்டார் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். ராஜநாயக்கன் கதையையும் சேருங்கள். பள்ளிக்கூட வேலை, கமிட்டிப் பதவி, போதகர் படிப்புக்கான சிபாரிசு எல்லாம் எந்தக் குடும்பங்களுக்குப் போனது என்று வருஷா வருஷம் கணக்கு எடுத்து, வரவு செலவோடு சேர்த்துச் சபை நடுவில் படியுங்கள். சாதி தாண்டிக் கல்யாணம் செய்துகொள்ளும் பிள்ளைகளை, பெற்றோர் கைவிட்டாலும் சபை கைவிடாது என்று பகிரங்கமாக அறிவியுங்கள். கமிஷன் முன்னால் போய், “எங்கள் சபை பிறந்த கதையைக் கேளுங்கள்” என்று உண்மையைச் சொல்லுங்கள்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது, வாசகரே. உங்கள் வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவுக்குக் காபி கொடுக்கிறீர்கள் இல்லையா? எந்த டம்ளரில் கொடுக்கிறீர்கள்? அது கழுவி எங்கே கவிழ்த்து வைக்கப்படுகிறது? மேல்பட்டாம்பாக்கத்துக்கு 1861இல் வந்த அந்த ஜெர்மன்காரர் கேட்ட கேள்விக்கு முதலில் நம் சமையலறையில் பதில் சொல்லிவிட்டு, பிறகு அடுத்தவர் சர்ச்சுக்குள் எட்டிப் பார்ப்போம்.